எரிவாயுக் குழாயும் ஒரு வட்டாரத்தின் எரிசக்திப் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கை எரிவாயுவைப் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேசவேண்டியிருக்கிறது.

எண்ணெய்க்கு இல்லாத குழாய் அரசியல் எரிவாயுவுக்கு மட்டும் ஏன்?

எண்ணெயை லாரியில் ஏற்றலாம், ரயிலில் அனுப்பலாம், பாதிக் கடலில் கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பலாம். ஒருவர் தரமாட்டேன் என்றால் இன்னொருவரிடம் போகலாம். எரிவாயுவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதில் பெரும்பகுதி மீத்தேன். சாதாரண அழுத்தத்தில் அது ஊரளவு இடத்தை அடைக்கும், கையளவு வெப்பம்தான் தரும். ஒரு கன மீட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு கன மீட்டர் எரிவாயுவில் இருக்கிறது. அதனால் அதை அழுத்திக் குழாயில் தள்ளவேண்டும். இல்லையென்றால் மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, கன அளவை ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருக்கி, திரவமாகக் கப்பலில் ஏற்றவேண்டும். அதற்கு இரண்டு கரையிலும் பெரிய ஆலைகள் வேண்டும்.

குழாய் போட்டாகிவிட்டால் இரும்பு மண்ணுக்குள் போய்விடுகிறது. அதைப் பிடுங்கி வேறு திசையில் நடமுடியாது. போட்ட பணத்தை எடுக்க இருபது, முப்பது ஆண்டு ஆகும். அதுவரை கிணற்றுக்காரரும் அடுப்புக்காரரும் ஒருவரையொருவர் விட்டு நகரமுடியாது. பேச்சு முறிந்தாலும் குழாய் அங்கேயேதான் கிடக்கும். எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

குழாய்க்குள் வாயு எப்படி நகர்கிறது?

அழுத்த வேறுபாட்டால். நீண்ட தூரக் குழாயில் வாயு பொதுவாக 70 முதல் 100 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. மிதிவண்டி டியூபில் இருப்பது நாலைந்து பார்தான். போகப் போக உராய்வில் அழுத்தம் இறங்கும். ஆகவே நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒரு கம்ப்ரசர் நிலையம் நின்று மீண்டும் அழுத்தி அனுப்புகிறது. பெரும்பாலான நிலையங்களில் டர்பைன் ஓடுவதே அந்தக் குழாயிலிருந்து எடுத்த வாயுவில்தான். வேகம் மணிக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர். சைபீரியாவில் கிளம்பிய வாயு ஜெர்மனியை எட்ட ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும்.

இதில் வெளியே அதிகம் தெரியாத ஒரு விஷயம் உண்டு. நிரம்பிய குழாயே ஒரு கிடங்கு. இரவில் தேவை குறையும்போது அழுத்தத்தை ஏற்றிவைப்பார்கள். காலையில் எல்லா அடுப்பும் பற்றும்போது அதிலிருந்து இறங்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். மேலே வால்வை மூடிய அந்த நிமிடமே கீழே அடுப்பு அணையாததற்குக் காரணமும் இதுதான். குழாயின் நீளத்தையும் தேவையையும் பொறுத்துச் சில மணி நேரமோ ஒரு நாளோ அவகாசம் கிடைக்கும். அதற்குள் மாற்று ஏற்பாடு வந்தாகவேண்டும்.

எரிசக்திப் பாதுகாப்பு என்று எதைச் சொல்கிறார்கள்?

பலவிதமாக விளக்குவார்கள். பொறியாளர்களிடம் ஓர் எளிய சோதனை இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒரு நாட்டுக்குள் வாயு நுழையும் வழிகளை எல்லாம் எழுதிவையுங்கள். அவற்றில் மிகப் பெரியதை அடித்துவிடுங்கள். இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய கடுங்குளிர் நாளில், மீதி வழிகளை வைத்து அந்த நாட்டின் முழுத் தேவையையும் சமாளிக்கமுடியுமா? முடிந்தால் தேறியது. "N கழித்தல் ஒன்று" (N − 1), அதாவது மொத்த வழிகளில் ஒன்றைக் கழிப்பது என்று இதற்குப் பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது.

எத்தனை பேரிடம் வாங்குகிறோம் என்பதைவிட எத்தனை வாசல் இருக்கிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். மூன்று பேரிடம் ஒப்பந்தம் இருந்தும் மூவருடைய வாயுவும் ஒரே குழாயில் வந்தால் அது ஒரே வழிதான்.

2009 ஜனவரியில் அப்படி என்னதான் நடந்தது? எல்லோரும் அதையே சொல்கிறார்களே?

சொல்லத்தான் வேண்டும். ரஷ்யா ஐரோப்பாவுக்கு அனுப்பிய வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அப்போது உக்ரைன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. விலையிலும் பழைய பாக்கியிலும் இரு தரப்புக்கும் தகராறு. 2006 புத்தாண்டிலும் இதே சண்டை வந்து சில நாளில் தீர்ந்திருந்தது. 2009 ஜனவரி 7 அன்று உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குப் போன வாயு முழுவதும் நின்றது. மறுபடி வந்தது 20ஆம் தேதி. நடுக் குளிர்காலத்தில் இரண்டு வாரம்.

அடி எல்லோருக்கும் ஒரே மாதிரி விழவில்லை. நாம் கவனிக்கவேண்டியது இதைத்தான். ஜெர்மனியிடம் நார்வே வாயு இருந்தது, நிலத்தடிக் கிடங்குகள் இருந்தன. பெரிய பாதிப்பு இல்லை. பல்கேரியாவுக்கு அநேகமாக முழுத் தேவையும் ஒரே நாட்டிலிருந்து, ஒரே பாதையில் வந்துகொண்டிருந்தது. அங்கே சிரென் என்ற இடத்தில் ஒரு கிடங்கு இருந்தது. அதில் வாயுவும் இருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு அதிலிருந்து எடுக்கக்கூடிய அளவு நாட்டின் அன்றாடத் தேவைக்கு எட்டவில்லை. தொட்டி பெரிது, குழாய் சிறிது. பள்ளிகள் மூடப்பட்டன, ஆலைகள் நின்றன, வீடுகள் குளிர்ந்தன.

ஸ்லோவாக்கியாவின் கதை இன்னும் விசித்திரம். அவர்களுடைய பெரிய குழாய் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஓடும்படி கட்டப்பட்டது. மேற்கே வாயு இருந்தது, ஆனால் அதைக் கிழக்கே திருப்ப வழியில்லை. கம்ப்ரசர்கள் ஒரு திசைக்கு மட்டுமே தள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கொடுத்த வாக்குப்படி அதற்கு முந்தைய வாரம்தான் நிறுத்திய பொகுனீட்சே அணு உலையை மீண்டும் இயக்கப்போவதாக அரசு அறிவித்தது. அந்த அளவுக்கு நெருக்கடி. இதற்கிடையில் பொறியாளர்கள் நிலையங்களில் குழாய் இணைப்புகளை மாற்றியமைத்து, செக் குடியரசுப் பக்கமிருந்து வாயுவைப் பின்னோக்கி ஓடவைத்தார்கள். உலையை இயக்கத் தேவை வரவில்லை.

அந்த வாரத்தில் கற்ற பாடம்தான் பிறகு எல்லை நிலையங்களில் இரு திசை ஓட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஒரு புதிய குழாயின் செலவோடு ஒப்பிட்டால், இருக்கும் குழாயை இரு திசைக்கும் தயார்செய்வது மிகச் சிறிய செலவு. இந்த வேலை நடந்தால் யாரும் ரிப்பன் வெட்டமாட்டார்கள், படம் வராது. அதனால்தான் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது என்று நினைக்கிறேன்.

ரஷ்யாவை நம்பியதே தவறு என்று அப்போதே யாரும் சொல்லவில்லையா?

சொன்னார்கள். மேற்கு சைபீரியாவின் உரெங்கோயிலிருந்து ஐரோப்பாவுக்கு 4,400 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குழாய் 1980களின் தொடக்கத்தில் போடப்பட்டபோது, அமெரிக்க அதிபர் ரீகன் அதைத் தடுக்க உபகரணங்களுக்குத் தடை விதித்தார். 1982இல் ஐரோப்பிய நிறுவனங்களுக்கும் அந்தத் தடையை நீட்டினார். அவருடைய நெருங்கிய தோழியான மார்கரெட் தாட்சரே எதிர்த்தார். அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது, 1984இல் வாயு ஓடத்தொடங்கியது.

பிறகு பல பத்தாண்டுகள் அந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்தபோதுகூட மேற்கே போன வாயு பெரிதாகத் தடைபடவில்லை. ஆகவே நம்பியவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம்பியதோடு நின்று மாற்று வழியைக் கட்டாமல் விட்டதுதான் தவறு. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த வாயுவில் ஏறத்தாழ 45 விழுக்காடு ரஷ்யாவுடையது. ஜெர்மனிக்கு அந்த ஆண்டு முழுவதும் ஒரு எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய வாயு) இறக்குமதி முனையம்கூடச் சொந்தமாக இல்லை.

வாங்குபவர்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறாரா?

இல்லை. துர்க்மெனிஸ்தானைப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய எரிவாயு இருப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது, கடலுக்குப் போக வழியில்லை. சோவியத் காலக் குழாய்கள் எல்லாம் வடக்கே ரஷ்யாவுக்குத்தான் போயின. 2009 ஏப்ரலில், ஐரோப்பாவில் தேவை சரிந்திருந்த நேரம், அந்தக் குழாய் வெடித்தது. வாங்குபவர் போதிய முன்னறிவிப்பின்றி எடுப்பதைக் குறைத்ததால் அழுத்தம் ஏறி வெடித்தது என்று துர்க்மெனிஸ்தான் குற்றம்சாட்டியது. 2010 ஜனவரி வரை ரஷ்யாவுக்கான விற்பனை நின்றுபோனது.

அதே 2009 டிசம்பரில் சீனாவுக்கு உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் வழியாகப் புதிய குழாய் திறந்தது. மூச்சு வந்தது. ஆனால் அதன்பிறகு பெரும்பகுதி வாயு சீனாவுக்கே போகத்தொடங்கியதால், ஒற்றை வாங்குபவரை நம்பும் நிலை திசைமாறித் திரும்பிவந்தது. ரஷ்யாவும் இன்று இதையே சந்திக்கிறது. மேற்கு சைபீரியாவின் யமால் தீபகற்பத்திலிருந்து மேற்கே ஓடிய வாயுவைக் கிழக்கே திருப்பக் குழாய் இல்லை. 2019 டிசம்பரில் திறந்த 'பவர் ஆஃப் சைபீரியா' ஆண்டுக்கு 3,800 கோடி கன மீட்டர் சீனாவுக்குக் கொண்டுபோகக்கூடியது. ஆனால் அதற்கு வாயு வருவது கிழக்கு சைபீரியாவின் வேறு வயல்களிலிருந்து.

நடுவில் இருக்கும் நாடு?

வழிக் கட்டணம் கிடைக்கும், கொஞ்சம் வாயுவும் கிடைக்கும், பேரம் பேச ஒரு பிடியும் கிடைக்கும். ஆனால் குழாய் சுற்றிக்கொண்டு போய்விட்டால் மூன்றும் போய்விடும்.

அல்ஜீரிய வாயு 1996 முதல் மொராக்கோ வழியாக, ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்தது. மொராக்கோ தன் பங்கு வாயுவில் இரண்டு மின்நிலையங்களை ஓட்டியது. 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா மொராக்கோவுடன் தூதரக உறவை முறித்தது, அக்டோபர் 31 அன்று ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. நடுவில் யாருமில்லாமல் நேராக ஸ்பெயினுக்குப் போகும் மெட்காஸ் என்ற கடலடிக் குழாய் அல்ஜீரியாவிடம் ஏற்கெனவே இருந்தது. மொராக்கோவின் மின்நிலையங்கள் வாயு இல்லாமல் நின்றன.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 2022 ஜூனில் அதே குழாயில் வாயு தலைகீழாக ஓடியது. மொராக்கோ உலகச் சந்தையில் எல்என்ஜி வாங்கியது. ஸ்பெயின் முனையத்தில் அதை வாயுவாக்கி, பழைய குழாயில் தெற்கே அனுப்பினார்கள்.

உக்ரைன் வழியாகப் போன ரஷ்ய வாயு 2025 ஜனவரி 1 அன்று நின்றது. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. ஆஸ்திரியாவும் ஸ்லோவாக்கியாவும் வேறு வழிகளில் சமாளித்தன. மோல்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா அப்படியே அகப்பட்டது. அடுக்குமாடிகளில் வெப்பமும் வெந்நீரும் நின்றன. உணவு ஆலைகள் தவிர மற்ற தொழிற்சாலைகள் மூடின. சுழற்சி முறையில் மின்வெட்டு. குடும்பமாக ஒரே அறையில் படுங்கள், சன்னல் இடுக்குகளைப் போர்வையால் அடையுங்கள் என்று அதிகாரிகள் மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள். அவர்களுக்கு இருந்தது ஒரே வழி.

குழாய் போட்டால் பகை நாடுகள் நட்பாகிவிடுமா?

நட்பாவதை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆனால் பகையின் நடுவிலும் வாயு ஓடியதற்குச் சான்று உண்டு. கத்தாரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 2007 முதல் டால்பின் என்ற கடலடிக் குழாய் ஓடுகிறது. 2017 ஜூனில் அமீரகமும் சவுதி அரேபியாவும் மற்றவர்களும் கத்தாரோடு உறவை முறித்து, வான்வழியையும் கடல்வழியையும் அடைத்தார்கள். 2021 ஜனவரி வரை அது நீடித்தது. அந்த மூன்றரை ஆண்டும் குழாயில் வாயு நிற்கவில்லை. கத்தார் மூடியிருந்தால் அமீரகத்தில் மின்சாரம் தடுமாறியிருக்கும், கத்தாரின் நம்பகத்தன்மையும் உலகச் சந்தையில் போயிருக்கும். இருவருக்கும் இழப்பு என்பதால் இருவரும் தொடவில்லை.

எகிப்திலும் இஸ்ரேலிலும் வேறு கதை. எகிப்து 2008 முதல் ஒரு கடலடிக் குழாய் வழியாக இஸ்ரேலுக்கு விற்றது. 2011 முதல் சினாயில் அதற்கு வாயு கொண்டுபோன நிலக் குழாயைத் திரும்பத் திரும்பக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். 2012இல் விற்பனை முறிந்தது. 2020 ஜனவரியில் அதே கடலடிக் குழாய் எதிர்த்திசையில் திறந்தது, இப்போது இஸ்ரேல் விற்பவர். 2025 ஜூனில் ஈரானோடு போர் மூண்டதும் இஸ்ரேல் தன் பெரிய லெவியாதன் வயலை மூட, எகிப்தின் உர ஆலைகள் நின்றன.

இன்னும் ஓடாத குழாய்களும் உண்டு. துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நான்கையும் இணைக்கும் டாப்பி திட்டம் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர், ஆண்டுக்கு 3,300 கோடி கன மீட்டர். 2015 டிசம்பரில் துர்க்மெனிஸ்தானில் பணி தொடங்கியது. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியா வரவேண்டிய குழாய் அதற்கும் முந்தைய கனவு. இந்தியா ஒதுங்கிக்கொள்ள, ஈரான் தன் பக்கத்துக் குழாயைப் பெரும்பாலும் போட்டுவிட்டு எல்லையில் காத்திருக்கிறது. இவற்றில் பொறியியல் சிக்கல் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாட்டின் அடுப்பு இன்னொரு நாட்டின் நல்லெண்ணத்தில் எரியவேண்டும் என்பதை யாரும் மனமார ஏற்கவில்லை. என் கணிப்பில், எல்லையின் இருபுறமும் கிடங்கும் மாற்று வழியும் இருந்தால் அந்த அச்சத்தில் பாதி குறையும்.

எல்என்ஜி வந்துவிட்டதே, இனி குழாய் எதற்கு?

எல்என்ஜி பெரிய விடுதலைதான். லிதுவேனியா ரஷ்யா என்ற ஒரே விற்பவரை நம்பியிருந்த நாடு. 2014 அக்டோபரில் கிளைபெடா துறைமுகத்துக்கு ஒரு மிதக்கும் முனையக் கப்பலைக் கொண்டுவந்தது. கப்பலுக்கு வைத்த பெயர் 'இன்டிபென்டன்ஸ்'. அது கரை சேர்வதற்குள்ளேயே, அதே ஆண்டு மே மாதம், பழைய விற்பவர் விலையைக் கணிசமாகக் குறைத்தார். இன்னொரு வழி வரப்போகிறது என்பதே பேரத்தை மாற்றிவிட்டது. 2022 ஏப்ரலில் ரஷ்ய வாயுவை முற்றிலும் நிறுத்திய முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடும் லிதுவேனியாதான். ஜெர்மனி 2022 டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் தன் முதல் மிதக்கும் முனையத்தை ஒரு வருடத்துக்குள் கட்டித் திறந்தது.

ஆனால் இரண்டு விஷயத்தை மறக்கக்கூடாது. முனையத்தில் இறங்கிய வாயு ஊருக்குள் போகவும் குழாய் வேண்டும். ஸ்பெயினில் முனையங்கள் ஏராளம், ஆனால் பிரனீஸ் மலையைத் தாண்டிப் பிரான்ஸுக்குப் போகும் குழாய் சிறியது என்பதால், ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த 2022இன் நெருக்கடியில் அவை முழுமையாக உதவவில்லை. அடுத்து, கப்பல் அதிக விலை கொடுப்பவரிடம் போகும். 2021 தொடக்கத்தில் ஒரு மெகாவாட்-மணி (ஆயிரம் யூனிட்) ஆற்றல் தரும் வாயுவுக்கு 20 யூரோ அளவில் இருந்த ஐரோப்பிய விலை 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. ஐரோப்பா தன் பணத்தைக் கொண்டு தப்பியது. அந்தக் கப்பல்களை எதிர்பார்த்திருந்த பாகிஸ்தானும் வங்கதேசமும் அந்த விலையில் வாங்கமுடியாமல் மின்வெட்டில் தவித்தன. ஒரு வட்டாரத்தின் பாதுகாப்பு இன்னொரு வட்டாரத்தின் இருளாக மாறியதை நாம் கண்ணெதிரே பார்த்தோம். இதைப் பேசாமல் ஐரோப்பாவின் சாதனையை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடல்வழிக்கும் குறுகிய வாசல்கள் உண்டு. உலக எல்என்ஜி வணிகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை வழியாகச் சென்றுவந்தது.

கிடங்கு எவ்வளவு உதவும்?

குளிர்நாடுகளில் உயிர் காக்கும். காலியான பழைய எரிவாயு வயல், நீர்தாங்கிப் பாறை, உப்புப் படிவத்தில் குடைந்த குகை என மூன்று வகை. பழைய வயல் பெரியது, மெதுவாகத்தான் எடுக்கமுடியும். உப்புக் குகை சிறியது, வேகமாக எடுக்கலாம். எல்லாவற்றிலும் அழுத்தம் காக்க ஒரு பங்கு வாயு அடியில் நிரந்தரமாக இருந்தாகவேண்டும். ஆகவே கிடங்கின் மொத்த அளவைப் பார்த்து நிம்மதி அடையக்கூடாது.

கிடங்கு யார் கையில் என்பதும் பெரிய விஷயம். ஜெர்மனியின் மிகப் பெரிய கிடங்கான ரேடன், ரஷ்ய நிறுவனத்தின் கிளையிடம் இருந்தது. 2021 இலையுதிர்காலத்தில் நிரம்பவேண்டியது ஏறத்தாழக் காலியாகவே விடப்பட்டது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகுதான், 2022இல், நவம்பருக்குள் கிடங்கு 80 விழுக்காடாவது நிரம்பியிருக்கவேண்டும் என்று ஐரோப்பா சட்டம் போட்டது.

மின்சாரம் போனால் எரிவாயுவும் போகுமா?

போகும். டெக்சாஸ் அதைக் கொடுமையாகக் காட்டியது. 2021 பிப்ரவரியில் அங்கே கடும் பனிப்புயல். தரைக்கடியில் உலகப் புகழ்பெற்ற வளம், மேலே உறைந்த வால்வுகள். கிணற்று வாயில்களில் நீர் உறைந்து உற்பத்தி சரிந்தது. எரிவாயு இல்லாமல் மின்நிலையங்கள் நின்றன. மின்சாரம் பற்றாததால் சில பகுதிகளை அணைத்தார்கள். அணைத்த பகுதிகளில் எரிவாயு ஆலைகளும், மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசர் நிலையங்களும் இருந்தன. அதனால் எரிவாயு இன்னும் குறைந்தது, மின்நிலையங்கள் இன்னும் நின்றன.

இந்த இடங்களை அணைக்காதீர்கள் என்று மின்வாரியத்திடம் பதிவுசெய்ய ஒரு படிவம் இருந்தது. பலர் அதை நிரப்பிக் கொடுத்திருக்கவில்லை. மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். வெளிநாட்டுச் சதி இல்லை, குண்டு இல்லை, சொந்த மண்ணில் விளையும் வாயு. எரிசக்திப் பாதுகாப்பை எல்லை தாண்டிய அரசியலாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஒரு படிவத்தை நினைத்துப்பார்க்கவேண்டும்.

கடலடிக் குழாயைக் காக்கமுடியுமா?

முழுவதுமாக முடியாது. ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடலடியில் ஜெர்மனிக்குப் போடப்பட்ட நார்டு ஸ்ட்ரீம் 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், வழியில் ஒரு கம்ப்ரசர்கூட இல்லை. ரஷ்யக் கரையில் 220 பார் அழுத்தத்தில் தள்ளுவதால் சுவர் 41 மில்லிமீட்டர் வரை தடித்த எஃகு, அதற்கு மேல் காங்கிரீட் உறை. 2022 செப்டம்பர் 26 அன்று போர்ன்ஹோம் தீவருகே வெடிவைத்து நான்கு குழாய்களில் மூன்றை உடைத்தார்கள். விற்பனை அப்போதே நின்றிருந்தாலும் உள்ளே வாயு இருந்தது. கடல் நாட்கணக்கில் கொதித்ததுபோல் குமிழியிட்டது.

2023 அக்டோபரில் பின்லாந்தையும் எஸ்தோனியாவையும் இணைக்கும் பால்டிக்கனெக்டர், ஒரு சரக்குக் கப்பல் இழுத்துப்போன நங்கூரத்தால் கிழிந்தது. சரிசெய்ய 2024 ஏப்ரல் ஆனது. அந்தக் குளிர்காலத்தில் பின்லாந்தில் வாயுவுக்குப் பஞ்சம் வரவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே இன்கூ துறைமுகத்தில் ஒரு மிதக்கும் முனையத்தைக் கட்டியிருந்தார்கள். குழாயைக் காவல்காப்பதைவிட, அது இல்லாமலும் பிழைக்கும்படி ஏற்பாடு செய்வதே நடக்கக்கூடிய பாதுகாப்பு.

குழாய்க்கு அருகில் வாழ்பவர்களுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. ஆனால் கவனமாக நடத்தினால் மிகக் குறைவு. குழாய் இறக்கும் களத்தில் பார்த்தால் புரியும். குழாய்த் துண்டுகளை இணைக்கும் ஒவ்வொரு பற்றவைப்பையும் (வெல்டிங்) எக்ஸ்ரே அல்லது ஒலியலை கொண்டு சோதிக்கிறார்கள். பிறகு உயர் மின்னழுத்தம் பாயும் ஒரு கம்பிச்சுருளைக் குழாயின் மேற்பூச்சின்மீது உருட்டிக்கொண்டே போகிறார்கள். பூச்சில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அங்கே பொறி பறக்கும், அடைத்துவிட்டுத்தான் மண்ணில் இறக்குவார்கள். துருவைத் தடுக்க மெல்லிய மின்னோட்டம் எப்போதும் கொடுக்கப்படும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 'பிக்' எனும் கருவியைக் குழாய்க்குள் வாயுவின் உந்துதலிலேயே ஓடவிட்டுச் சுவரின் தடிமனை அளப்பார்கள்.

இவற்றை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சான் புரூனோ. கலிபோர்னியாவில் 2010 செப்டம்பர் 9 மாலை, 1956இல் போட்ட குழாய் குடியிருப்பின் நடுவே வெடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். நீளவாக்கில் பற்றவைப்பே இல்லாத குழாய் என்று ஏட்டில் எழுதியிருந்தது. உண்மையில் குறைபாடுள்ள பற்றவைப்பு இருந்தது. வாயுவை அடைக்க 95 நிமிடம் ஆனது, காரணம் வால்வுகளைக் கையால் போய் மூடவேண்டியிருந்தது.

வாயுவுக்குச் சொந்தமாக வாசனை இல்லை. 1937இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் கசிவு தெரியாமல் வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்த பிறகுதான் நாற்றமூட்டிச் சேர்ப்பது பரவலாகக் கட்டாயமாகியது. ஆனால் பல நீண்ட தூரப் பெருங்குழாய்களில் அது சேர்க்கப்படுவதில்லை. புல் திட்டாகக் கருகியிருந்தால், ஈர மண்ணில் குமிழி வந்தால், சீறும் ஒலி கேட்டால், நாற்றம் இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். விலகிப்போய், மஞ்சள் அடையாளக் கம்பத்தில் இருக்கும் எண்ணை அழையுங்கள்.

பருவநிலை மாற்றத்துக்கு நடுவில் புதுக் குழாய் போடலாமா?

மீத்தேன் கசிந்தால் இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். நிலக்கரிக்கு மாற்று என்ற வாதம் கசிவு குறைவாக இருந்தால்தான் நிற்கும். ஆகவே நாற்பது ஆண்டு நிற்கும் பெருங்குழாயை இன்று தொடங்குவதில் எனக்குத் தயக்கம் அதிகம். சிறிய எல்லை இணைப்புகளிலும் கசிவடைப்பிலும் தயக்கமே இல்லை. பிறகு அதே குழாயை ஹைட்ரஜன் அனுப்பும்படி மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள்; எல்லா எஃகும் அதைத் தாங்காது, குழாய்க்குக் குழாய் சோதித்துத்தான் சொல்லமுடியும்.

என் பகுதி பாதுகாப்பாக இருக்கிறதா என்று சாதாரண ஆள் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுக் கூட்டத்திலோ சட்டமன்ற உறுப்பினரிடமோ இவற்றைக் கேளுங்கள். எத்தனை நுழைவாயில்கள்? மிகப் பெரியது நின்றால் உச்சத் தேவை நாளில் எத்தனை விழுக்காடு மிஞ்சும்? எல்லை நிலையம் இரு திசைக்கும் ஓடுமா, கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள்? கிடங்கிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கமுடியும்? கம்ப்ரசர்களுக்கு மின்வெட்டிலிருந்து விலக்குப் பதிவாகியிருக்கிறதா? பற்றாக்குறை வந்தால் யாருக்கு முதலில் நிறுத்துவார்கள், மருத்துவமனை அந்தப் பட்டியலில் எங்கே?

பதில் கிடைத்தால் தேதியையும் கேளுங்கள். பல்கேரியா 2009 குளிரில் அடிபட்ட அதே ஆண்டு கிரீஸோடு ஓர் இணைப்புக் குழாய்க்குக் கையெழுத்திட்டது. நீளம் வெறும் 182 கிலோமீட்டர். அனுமதி, பணம், ஒப்பந்ததாரர் என்று ஒவ்வொன்றாக இழுத்தது. 2022 ஏப்ரல் 27 அன்று, ரூபிளில் பணம் தர மறுத்ததற்காக பல்கேரியாவுக்கு ரஷ்ய வாயு நிறுத்தப்பட்டபோதும் அந்தக் குழாய் முடிந்திருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்றுதான் அதில் வணிகரீதியாக வாயு ஓடத்தொடங்கியது.